உடன் வந்தவர்

"அக்கா, கொஞ்சம் மேல வந்துட்டுப் போறீங்களா? உங்க டிராவல் பில்லுல ஒரு சின்ன டவுட்டு."

கணக்குப் பிரிவிலிருந்து சிம்ரன் போன் செய்தபோது வேம்புலியம்மாள் முதல் ஷிப்டை முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஏதாவது ரசீது விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியேறினாள். டீசல் பில், டோல் பட்டியல், லாட்ஜ் பில் எல்லாவற்றையும் தேதி வாரியாக வெள்ளைத் தாளில் ஒட்டி, ஓரத்தில் கிலோமீட்டர் குறித்துத்தான் கொடுத்திருந்தாள். எந்த வேலையையும் அவள் அப்படித்தான் செய்வாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பிரேக் செய்யும் அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக அவள் கைபட்டு வெளியே போன பெட்டி எதுவும் திரும்பி வந்ததில்லை.

சிம்ரன் பட்டாபிராமத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. வேம்புவை உட்காரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"இதுல உடன் வந்தவர்னு ஒரு கட்டம் கீதுல்ல, அதுல குணசேகரன் சார் பேரு எழுதிக்கீறீங்க."

"ஆமா. அவருதான என் கூட வந்தாரு. எழுதக் கூடாதா?"

சிம்ரன் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு ஃபிளைட்ல போனேன்னு பில்லு குடுத்துக்கீறாருக்கா. போவ ஒண்ணு, வர ஒண்ணு. போர்டிங் பாஸும் கீது."

வேம்பு சிரித்துவிட்டாள். "வேற குணசேகரனா இருக்கும், நல்லா பாரும்மா."

"எம்ப்ளாயி நம்பர் நானூத்திப் பதினேழுக்கா."

வேம்புவின் நம்பர் நானூற்றுப் பதினெட்டு. ஒரே நாளில், ஒரே வரிசையில், ஒருவர் பின் ஒருவராக நின்று சேர்ந்தவர்கள் அவர்கள். திரையில் தெரிந்த போர்டிங் பாஸை உற்றுப் பார்த்தாள். தேதி சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னையிலிருந்து புனே. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குணசேகரன் புனேக்குப் போகும் வழியில், ஹூப்ளியில் அவள் காரின் முன் கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார். அதை அவள் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தாள்.

*

வேம்புலியம்மாள் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் நூம்பலில் பிறந்தவள். அப்பா அம்மா இருவரும் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். அவள் பத்தாவது முடித்த வருஷம் அந்த நிலங்களில் கல் நட்டு மனை போட்டார்கள். அப்பா அதே மனைகளுக்குக் காவல்காரராகப் போனார். அவள் ஐ.டி.ஐ. படித்தாள். பக்கத்துத் தெரு துலுக்கானத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் கார் ஓட்டிப் பிழைத்தவன். கல்யாணமான புதிதில், விற்காமல் கிடந்த மனைகளுக்கு நடுவே அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தான். மகள் எழில் பிறந்த பிறகு அவள் கம்பெனிக்குப் போனாள். ஹெல்பராகச் சேர்ந்து, ஆபரேட்டராகி, லைன் லீடரானாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் துலுக்கானம் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். செய்தி கம்பெனிக்கு வந்தபோது அவளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனவர் குணசேகரன்தான். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டதும், பந்தலுக்குச் சொன்னதும், பதினாறாம் நாள் வரைக்கும் தினமும் வந்து நின்றதும் அவர்தான். காரின் மேல் பாக்கியிருந்த கடனைக் கேட்டு பைனான்ஸ் ஆள் வந்தபோது, "வண்டியை விக்காத வேம்பு. உனக்கு ஓட்டத் தெரியும். மாசா மாசம் கட்டிரலாம்" என்று தைரியம் சொன்னதும் அவர்தான். குணசேகரனின் அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தெற்கேயிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். குணசேகரன் பட்டாபிராமத்தில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார். அவர் மனைவி புஷ்பா வேம்புவுக்குத் தோழி; மகள் கவிப்பிரியா நர்சிங் படிக்கிறாள். தீபாவளிக்கு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்பில் பலகாரம் சுடுவார்கள்.

இந்த வருஷம் கம்பெனிக்குப் புதிதாக ஒரு தானியங்கி லைன் வந்தது. அதைச் செய்து கொடுத்த புனேக்காரர்கள் அங்கேயே ஆறு நாள் பயிற்சி தருவதாகச் சொன்னார்கள். இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்: நானூற்றுப் பதினேழும் நானூற்றுப் பதினெட்டும். பயிற்சி முடித்து வருகிறவர்கள் கையில்தான் புதிய லைன்.

விமான டிக்கெட்டை அவரவரே எடுத்துக்கொண்டு, வந்த பிறகு பில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ள வேண்டும். பயிற்சித் தேதி மாறினாலும் மாறலாம் என்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி டிக்கெட்டாக எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வேம்புவால் அது முடியவில்லை. அவள் காதுச் சவ்வில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் செய்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று மாதம் விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரயிலில் இடமில்லை. காத்திருப்போர் பட்டியல் நூறைத் தாண்டியிருந்தது. அவள் நிர்வாகத்தில் இருந்த ஷோபனா மேடத்திடம் போய், "நான் கார்லயே போயிட்டு வரேன் மேடம்" என்றாள்.

"ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். நீங்களே ஓட்டிட்டா?"

"பூந்தமல்லில ஏறுனா ஒரே ரோடு மேடம். திரும்பவே வேணாம்."

ஷோபனா அனுமதி கொடுத்து மெயில் போட்டாள். கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய், ஆனால் மொத்தம் விமான டிக்கெட் விலையைத் தாண்டக் கூடாது. கணக்குப் பார்த்தால் கையிலிருந்து கொஞ்சம் போகும். போனால் போகட்டும் என்று வேம்பு ஒத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே குணசேகரன் அவளிடம் வந்தார். "ஒத்தையில அவ்வளவு தூரம் நீ போக வேணாம். நான் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டு உன்கூட வரேன். எனக்கு ஓட்டத் தெரியாது, ஆனா தூங்காம பேசிக்கிட்டு வருவேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "டீசலுக்குப் பாதி தரேன்" என்று அவர் சொன்னதற்கு, "நீ வரதே போதும்ணே" என்று அடக்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பூந்தமல்லியில் கிளம்பினார்கள். கிருஷ்ணகிரியில் இட்லி. பெங்களூரைத் தாண்டவே மூன்று மணி நேரம் பிடித்தது. சித்ரதுர்கா பக்கம் மலை மேலெல்லாம் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்து, "ஏய், இதுக்கெல்லாம் எவ்வளவு பெரிய பேரிங் போட்டிருப்பான்!" என்று குணசேகரன் வியந்தார். தாவணகெரேயில் வெண்ணெய் தோசை சாப்பிடும்போது புஷ்பா வீடியோ காலில் வந்தாள். "எனக்கொரு தோசை பார்சல் வாங்கிக்கினு வாடி" என்று வேம்புவைப் பார்த்துச் சிரித்தாள். நன்றாக இருட்டிய பிறகு ஹூப்ளியில் ஒரு லாட்ஜில் இறங்கினார்கள். ஆளுக்கொரு அறை. வரவேற்பில் இருந்தவன் இருவருக்கும் பில் எழுதப் போனபோது குணசேகரன், "எனக்கு பில் வேண்டாம்" என்று கையை ஆட்டினார். வேம்பு அதைக் கவனித்தாள், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை. மறுநாள் மாலை புனே. ஆறு நாள் பயிற்சி முடிந்து, போன வழியே திரும்பி வந்தார்கள். அவள் வாழ்க்கையில் அத்தனை நாள் அத்தனை நிம்மதியாக இருந்ததில்லை என்றே சொல்லலாம்.

*

கணக்குப் பிரிவிலிருந்து இறங்கி வந்தவள் குணசேகரனைத் தேடினாள். அவர் கம்பெனி பஸ்ஸில் கிளம்பிப் போயிருந்தார். போன் செய்தாள். எடுக்கவில்லை. இரண்டு தடவை அடித்துவிட்டு விட்டுவிட்டாள். தப்பான பில்லைத் தெரியாமல் சேர்த்துக் கொடுத்திருப்பார், காலையில் சொன்னால் தலையில் அடித்துக்கொண்டு திருத்திவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படித்தான் நம்பினாள்.

காலையில் அவள் அவரைப் பார்ப்பதற்கு முன்னால் ஷோபனா இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டுவிட்டாள். மேஜைமேல் இரண்டு பில்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இது ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்னு எனக்குப் புரியலை. மிஸ்டர் குணசேகரன், நீங்க எப்படிப் போனீங்க?"

குணசேகரன் நேராக உட்கார்ந்திருந்தார். வேம்பு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சிரிப்பார், இப்போது ஐயோ என்பார் என்று.

"ஃபிளைட்லதான் மேடம் போனேன். போர்டிங் பாஸ் இருக்கே."

"வேம்புலியம்மாள் உங்களை கார்ல கூட்டிட்டுப் போனதா எழுதியிருக்காங்க."

"அவங்க எதுக்கு அப்படி எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது மேடம். கூட ஆள் வந்தா கிலோமீட்டருக்கு ஒரு ரூபா சேர்த்துத் தருவாங்கல்ல, அதுக்காக இருக்கலாம்."

வேம்புவுக்கு யாரோ பின்னாலிருந்து பிடரியில் அறைந்த மாதிரி இருந்தது. அப்படியொரு கூடுதல் ரூபாய் இருக்கிறது என்பதே அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். சேர்த்தாலும் டிக்கெட் விலைக்கு மேல் ஒரு பைசா வரப்போவதில்லை. படிவத்தில் கேட்டிருந்தது, எழுதினாள். அவ்வளவுதான்.

"அண்ணே" என்றாள். "இன்னாண்ணே சொல்ற நீ?"

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. ஷோபனாவின் மேஜைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீ என் பக்கத்துல உட்காந்துகினு வந்தியே. சித்ரதுர்கால காத்தாடி பாத்தியே. இன்னாண்ணே இது?"

"மேடம், நான் போகலாமா? லைன்ல வேலை இருக்கு" என்றார் குணசேகரன்.

வெளியே வந்ததும் மாடிப்படித் திருப்பத்தில் அவர் அவளை மடக்கினார். இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "நீ என் பேரை எழுதுவேன்னு நான் எங்க கண்டேன்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "எதுக்கு எழுதினே? உன்னை யார் எழுதச் சொன்னது?"

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்குப் பதிலாக, தப்பு செய்தவளைக் கேட்பது போல அவளையே கேட்டுவிட்டு இறங்கிப் போனார். வேம்பு கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். கீழே மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ, துடைப்பத்தோடு வந்த எல்லம்மா, "ஏம்மா, மயக்கமா வருதா?" என்று தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

இரண்டு நாளில் அவள் கைக்கு ஒரு மெமோ வந்தது. பயணப் படிவத்தில் தவறான தகவல் கொடுத்ததாகக் கருத இடமிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று. குணசேகரனுக்கும் அப்படியே ஒன்று போயிருந்தது. ஆனால் அது அவள் மனதில் பதியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் பெயரில் வந்த முதல் மெமோ. படித்தாள், மடித்தாள், திரும்பப் பிரித்துப் படித்தாள். தன் பெயர்தானா என்று பார்த்தாள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி கேன்டீனில் காத்திருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது பின் மேஜையில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வருவதை அவர்கள் பார்க்கவில்லை.

"ரெண்டு நாள் கார்ல போனாங்களாமே மாமே. நடுவுல லாட்ஜாம்."

"ரூமு ஒண்ணா ரெண்டா? அத்தக் கேளு மொதல்ல. அதனாலதான் அந்தாளு வரவேயில்லன்றான்."

நாலு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவனுக்கு அவள்தான் வேலை கற்றுக் கொடுத்தவள். டிக்கெட்டு, டீசல், கிலோமீட்டர் என்று இருந்த பேச்சு எப்படி, எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்றே அவளுக்குப் புரியவில்லை. சோற்றைத் தொடாமல் தட்டைக் கொண்டுபோய்த் திரும்ப வைத்தாள்.

வீட்டில் எழில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எகிறினாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண், கோபம் சட்டென்று வரும். "இப்பவே போயி அந்தாளு ஊட்டு வாசல்ல நின்னு கத்தறேன் பாரு."

"சும்மா கெட. புஷ்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா அவளே இவர இழுத்துக்கினு வருவா. வீடியோ கால்ல என்னியும் பாத்தாளே அவ" என்றாள் வேம்பு. அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவளுக்கு அன்றைக்குச் சாதம் இறங்கியது.

*

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டாபிராமத்துக்குப் போனாள். குணசேகரன் வேலைக்குப் போயிருந்தார். புஷ்பா கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை, ஆனால் ஒதுங்கி வழி விட்டாள். கூடத்தில் வேம்பு உட்கார்ந்ததும் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"புஷ்பா, உங்க ஊட்டுக்காரரு ஆபீஸ்ல இன்னா சொல்றாரு தெரியுமா?"

"தெரியும்" என்றாள் புஷ்பா.

வேம்பு சொம்பை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"தெரியுமா? தெரிஞ்சிக்கினா சும்மா கீற?"

புஷ்பா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினாள். "கவிப்பிரியாவுக்கு நர்சிங் காலேஜ்ல கடைசித் தவணை கட்டணும் வேம்பு. கட்டலன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க. பதினாறாயிரத்துச் சில்லறை. டிக்கெட்டு பணம் அதுக்குச் சரியா இருந்துச்சு. யாருக்கும் நஷ்டம் இல்லியேன்னு செஞ்சிட்டாரு. கம்பெனி எப்படியும் குடுக்கற காசுதான."

"என்னைக் கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?"

"உன்கிட்ட எத்தினி வாட்டி கேக்கறது?" என்றாள் புஷ்பா. பிறகு அவள் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பேர மட்டும் எடுத்துடேன். தெரியாம எழுதிட்டேன், ஒத்தையாத்தான் போனேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. உனக்கு இன்னா ஆயிடப்போவுது? அவருக்கு வேலையே போயிடும்."

"எனக்கு மெமோ குடுத்துக்கீறாங்கடி. பொய் சொன்னேன்னு. அத்த நானே ஒத்துக்கணுமா? கேன்டீன்ல இன்னா பேசறானுங்க தெரியுமா? ரூமு ஒண்ணா ரெண்டான்னு கேக்கறானுங்க. உன் புருஷனையும் என்னையும் சேத்து வெச்சி."

புஷ்பாவின் கை தளர்ந்தது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, கேட்கலாமா கூடாதா என்பது போலக் கேட்டாள்.

"ரெண்டுதான?"

வேம்பு அவளையே பார்த்தாள். காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஆபரேஷன் ஆன காது. ஆனால் புஷ்பா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தாள்.

வேம்பு எழுந்தாள். தண்ணீரைக் குடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினோம் என்று மறந்துபோய் ரயில்வே கேட் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். காரில் ஏறி உட்கார்ந்தவள் சாவியைப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டாள். புருஷன் செத்தபோதுகூட அவள் இப்படி நிலைகுலைந்ததில்லை. அந்த அடி வந்த திசை தெரிந்தது. இது எங்கேயிருந்து வந்தது என்றே தெரியவில்லை.

காரில் உட்கார்ந்தபடியே, லாட்ஜ் பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். போனில் கையால் காட்ட முடியாது; தெரிந்த இந்தியில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொல்லிப் புரியவைத்தாள். அந்தப் பக்கம் இருந்தவன் நல்லவன். ஒரு மணி நேரத்தில் பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான். நூற்று நான்காம் அறை, வேம்புலியம்மாள். அடுத்த வரியிலேயே, இருநூற்று ஏழாம் அறை, குணசேகரன். ஊர் பட்டாபிராம். கோணலாக இழுத்த அந்தக் கையெழுத்தை ஷிப்ட் நோட்டில் அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

இதை எப்படிக் காட்டுவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. காட்டினால் லாட்ஜ் என்பது பேச்சாக இல்லாமல் எழுத்தாகிவிடும். காட்டாவிட்டால் அவள் பொய் சொன்னவள். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தாளில் அச்செடுத்து, விளக்கக் கடிதத்தின் பின்னால் தைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை விசாரணையில் ஷோபனாவும் ஆலை மேலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். சிம்ரனையும் கூப்பிட்டிருந்தார்கள். குணசேகரன் முன்பு சொன்னதையே சொன்னார். வேம்புவின் முறை வந்தபோது அவள் எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"கேன்டீன்ல எல்லாரும் கேக்கறாங்க சார். நானே சொல்லிடறேன். ஹூப்ளில ஒரே லாட்ஜ்லதான் தங்கினோம். நான் நூத்தி நாலு, கீழ. அவரு இருநூத்தி ஏழு, மேல. அவரு கையெழுத்து இதுல கீது. நான் அவரக் கூப்பிடல. அவரேதான் துணைக்கு வரேன்னு வந்தாரு. டீசலுக்கு அவருகிட்ட ஒரு ரூபா நான் வாங்கல." நீட்டிய தாளை ஷோபனா வாங்கிக்கொண்டாள்.

மேலாளர் அதைப் பார்த்துவிட்டுச் சிம்ரன் பக்கம் திரும்பினார். சிம்ரனுக்குப் பயம்தான். ஆனாலும் சொன்னாள். டிக்கெட்டுகள் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து எடுக்கப்பட்டவை; அதனால் டிக்கெட் எடுத்தாலும் ரத்து செய்தாலும் அந்த விவரம் தானாகக் கம்பெனி கணக்கில் வந்து விழும். நேற்றுத்தான் அது வந்தது. இரண்டு டிக்கெட்டும் ரத்தாகி, பணம் குணசேகரன் வங்கிக் கணக்குக்கே திரும்பிப் போயிருந்தது. செல்போனில் முன்கூட்டியே போர்டிங் பாஸை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ரத்து செய்திருக்கிறார்.

குணசேகரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ஆமா சார்" என்ற சத்தம் மட்டும் விரல்களுக்கு நடுவிலிருந்து வந்தது.

வேம்புவுக்கு ஜெயித்த உணர்ச்சி எதுவும் வரவில்லை. மெமோவைத் திரும்பப் பெறுவதாக ஷோபனா சொன்னாள், வருத்தமும் தெரிவித்தாள். சரி மேடம் என்றாள். அடுத்த வாரம் அவள் கணக்கில் பதினாறாயிரத்து நானூறு ரூபாய் வந்து விழுந்தது. செல்போன் மணியடித்தது, பார்த்தாள், பையில் போட்டுக்கொண்டாள். கேன்டீன் மேஜை ஆட்களில் ஒருவன் வந்து, "சாரிக்கா" என்றான். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போயி வேலையப் பாரு" என்றாள்.

குணசேகரனை வேலையை விட்டு அனுப்பவில்லை. பத்தொன்பது வருஷம் ஒரு குறையும் இல்லாதவர் என்று எழுதி, பணத்தைச் சம்பளத்தில் பிடித்து, ஒரு வருஷ உயர்வை நிறுத்தி, ஒரகடத்தில் இருந்த கிளைக்கு மாற்றினார்கள். கவிப்பிரியாவின் தவணையைப் புஷ்பா வளையலை அடகு வைத்துக் கட்டியதாகச் சிம்ரன் சொன்னாள். புதிய லைனுக்கு வேம்புலியம்மாள் ஒருத்தியே பொறுப்பாளரானாள்.

மாற்றலாகிப் போகிறவர், கருவியெல்லாம் ஒப்படைத்துவிட்டதாக லைன் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசி நாள் குணசேகரன் அந்தத் தாளோடு அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். இளைத்திருந்தார். அவள் பட்டியலைப் பார்த்தாள். அளவுகோல், மைக்ரோமீட்டர், பூட்டுச் சாவி. எல்லாம் இருந்தது. பேனாவை எடுத்தவள் கீழே வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுண்ணே. நீ எனக்குத் துணைக்கு வந்தியா, இல்ல அந்த டிக்கெட்டு காசுக்கு வந்தியா?"

அவர் தூரத்தில் ஓடுகிற மிஷினைப் பார்த்தார்.

"துணைக்குத்தான் கிளம்பினேன் வேம்பு. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணவே மறந்துட்டேன். தாவணகெரேல தோசை தின்னுகிட்டு இருக்கும்போது போன்ல மெசேஜ் வந்துச்சு, போர்டிங் பாஸ் எடுத்துக்கோங்கன்னு. அப்பதான் தோணுச்சு. நீ அப்ப புஷ்பாகிட்ட வீடியோல பேசிக்கிட்டு இருந்தே."

அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அதே மேஜையில், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு. இது நிஜமா, இல்லை இதுவும் போகிற நேரத்தில் சொல்கிற சமாதானமா என்று அவர் முகத்தில் தேடினாள். முன்பெல்லாம் அந்த முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது ஒன்றும் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, வரேன் என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் போனார்.

அன்றைக்கு இரண்டாவது ஷிப்டில் மூன்று பேர் வரவில்லை. வேம்புலியம்மாள் கையுறையை மாட்டிக்கொண்டு தானே போய் மிஷினில் நின்றாள்.